நந்திக்கடல்: சங்கத்தின் தண்டமும் அரசின் சட்டமும் – ஒரு நிகழ்வு ஆய்வு

தங்கூசி வலை போட்டதற்காக ஓர் இளைஞனுக்குச் சங்கம் தண்டம் விதித்த கூட்டம் ஒன்றில் நான் இருந்தேன். முல்லைத்தீவு மாவட்டத்தில் நந்திக்கடலை நம்பி வாழும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் பொதுக்கூட்டம் அது. பிடிபட்ட வலையை மேசைமேல் போட்டிருந்தார்கள். கண்ணாடி இழைபோன்ற ஒற்றை நூல். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால்தான் வலைக்கண் தெரிந்தது. தலைவர் சுட்டுவிரலையும் நடுவிரலையும் ஒன்றாகச் சேர்த்து வலைக்கண்ணுக்குள் நுழைத்துப் பார்த்தார். சுட்டுவிரல் மட்டும்தான் போனது. அதற்குமேல் விசாரணை தேவைப்படவில்லை.

இளைஞன் எதையும் மறுக்கவில்லை. தண்டத்தை இரண்டு தவணையில் கட்டுவதாக ஒப்புக்கொண்டான். எழுந்து போகும்போது ஒன்று கேட்டான்: "தலைவர், நான் சங்கத்துப் பிள்ளை, எனக்குத் தண்டம் போட்டீர்கள். நேற்றிரவு முகத்துவாரத்தில் வலை கட்டிவிட்டுப் போன வெளியாட்களுக்கு யார் போடுவது?" கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. செயலாளர் குறிப்பேட்டில் தண்டத் தொகையை எழுதினார். கேள்வியை எழுதவில்லை.

அந்த எழுதப்படாத கேள்விக்காகத்தான் இந்த ஆய்வு. கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குப் புத்தகங்களோடும் உபவிதிகளோடும் பல ஆண்டுகள் உழன்றவன் நான். மக்கள் தாங்களே கடலைக் காத்துக்கொள்வார்கள், சட்டம் ஒதுங்கி நின்றாலே போதும் என்று பேசுகிறவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். சட்டத்தை இறுக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களையும் சந்திக்கிறேன். நந்திக்கடலின் கரையில் நின்று பார்த்தால் இரண்டு பேச்சும் நிற்காது.

களம்

நந்திக்கடல் பெயரில்தான் கடல். உண்மையில் அது முல்லைத்தீவு நகருக்கு மேற்கே கிடக்கும் களப்பு. பேராறும் சிற்றாறுகளும் மாரியில் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. வட்டுவாகலில் ஒடுங்கிய முகத்துவாரம் அதைக் கடலோடு இணைக்கிறது. கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும். நீர் வற்றும், உப்பேறும், சூடேறும்; மிகவும் வற்றிய காலங்களில் மீன் செத்து ஒதுங்குவதும் உண்டு. வடகீழ்ப் பருவமழை கொட்டி நீர்மட்டம் ஏறும்போது வாய் தானாக உடைக்கும், அல்லது வெட்டிவிடப்படும்.

இந்த வாய் திறப்பதில்தான் கரையூர்களின் ஆண்டு வருமானம் தங்கியிருக்கிறது. இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சு முகத்துவாரத்தின் வழியே களப்புக்குள் நுழைந்து, சில மாதங்கள் உவர்நீரில் வளர்ந்து, மறுபடியும் கடலுக்குத் திரும்புகிறது. வாயை நேரத்துக்கு முன் வெட்டினால் வளராத இறால் நீரோடு வெளியேறிவிடும். பிந்தி வெட்டினால் கரையோர வயல்கள் வெள்ளத்தில் நிற்கும். வெட்டிய வாய்க்குக் குறுக்கே ஒருவன் சிறுகண் வலையைக் கட்டிவிட்டால் களப்பைச் சுற்றியிருக்கிற அத்தனை ஊரின் அறுவடையும் அவன் பறிக்குள், அதாவது மீன்கூடைக்குள், போய்விடும். ஆகவே இங்கே விதி என்பது ஆடம்பரம் இல்லை. ஒரு வாய், பல வயிறுகள். விதி இல்லாமல் ஒரு பருவத்தைக்கூடக் கடத்த முடியாது.

தொழில்முறைகளும் பல. வீச்சுவலை, சிறகுவலை, களங்கட்டி, சிறிய வள்ளங்களில் விடும் வலைகள். இவற்றோடு கணக்கில் வராத ஒன்றும் உண்டு. இடுப்பளவு நீரில் குனிந்து நகர்ந்தபடி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, இடுப்பில் கட்டிய பறிக்குள் போடும் பெண்கள். போரில் கணவனை இழந்தவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள். அவர்களிடம் படகு இல்லை, வலையும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்துக்குப் போகும்போது இவர்களிடம் திரும்பி வரவேண்டியிருக்கும்.

சங்கத்தின் கை எதுவரை நீளும்

ஊர்ச் சங்கம் பல விதிகளை நடத்துகிறது. எந்த வலை கூடாது, முகத்துவாரத்திலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி வலை கட்டவேண்டும், சிறகுவலைக்கு யாருக்கு எந்த இடம் என்பவையெல்லாம் கூட்டத்தில் பேசி முடிவாகின்றன. கத்தோலிக்க ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போவதில்லை. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு, கடல்நீரில் விளக்கேற்றும் அந்த நாட்களில், களப்பைச் சுற்றியுள்ள ஊர்களின் மனம் முழுவதும் கோயிலில்தான் இருக்கும். நீருக்கும் மீனுக்கும் ஓய்வு தரும் வழக்கங்களாக இவற்றையும் நான் எண்ணுகிறேன். எந்த அலுவலகமும் இவற்றை மேலாண்மை என்று பதிந்ததில்லை.

சங்கத்தின் அதிகாரம் 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்திலிருந்து வருகிறது. பதிவுபெற்ற உபவிதிகள் உறுப்பினரைக் கட்டுப்படுத்தும். உறுப்பினருக்கும் சங்கத்துக்கும் பிணக்கு வந்தால் அதைப் பதிவாளரின் தீர்ப்புக்கு அனுப்பலாம். அதைவிட வலிமையான ஒன்றும் உண்டு: படகுப் பதிவு, மானியம், நிவாரணம் என்று எதற்குப் போனாலும் சங்கத்தின் கடிதம் கேட்பார்கள். அந்தக் கடிதத்தை இழக்க யாரும் விரும்புவதில்லை. அந்த இளைஞன் தண்டத்தை மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டதன் காரணமும் பாதி அதுதான். மறுபாதி, தன் மாமனும் சித்தப்பனும் அதே கூட்டத்தில் உட்கார்ந்திருந்தது.

ஆனால் இந்த வலிமையெல்லாம் உறுப்பினன் என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது. வெளியாளுக்கு உபவிதி ஒரு வெற்றுத் தாள். அவனுடைய வலையைச் சங்கம் கைப்பற்றினால் அது களவு. தடுத்தால் அடிதடி வழக்கு. உள்ளே ஒழுங்கு வைக்கச் சங்கத்துக்கு அரசு தேவையில்லை. எல்லையில்தான் தேவை.

1996ஆம் ஆண்டின் சட்டம்

எல்லையைப் பற்றிச் சட்டம் பேசாமல் இல்லை. 1940ஆம் ஆண்டின் கடற்றொழில் கட்டளைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டம் இரண்டு கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. 31ஆம் பிரிவின்படி ஒரு நீர்ப்பரப்பையும் அதை ஒட்டிய நிலத்தையும் கடற்றொழில் முகாமைத்துவப் பிரதேசமாக அமைச்சர் வர்த்தமானியில் பிரகடனம் செய்யலாம். 32ஆம் பிரிவின்படி அங்கே தொழில் செய்வோர் கடற்றொழில் குழு ஒன்றை அமைக்கலாம். அந்தக் குழு தன் நீருக்கான முகாமைத்துவத் திட்டத்தைத் தயாரிக்கலாம். அதை ஒழுங்குவிதியாக்கும் அதிகாரம் அமைச்சரிடம் இருக்கிறது. அப்படி ஆகிவிட்டால், முகத்துவாரத்தில் குறுக்கே வலை கட்டுவது சங்க விதியை மட்டும் மீறியதாகாது. அது நீதிவான் முன் நிறுத்தக்கூடிய குற்றம். அப்போது கட்டியவன் எந்த ஊரான் என்ற கேள்வியே எழாது.

அந்த இளைஞனின் கேள்விக்குச் சட்டத்தில் இருக்கிற நேரடியான பதில் இதுதான். ஆனால் இந்தப் பிரிவுகளின் பெயரைக் கேட்டிருந்த சங்கத் தலைவர்களை விரல்விட்டு எண்ணும் அளவில்தான் நான் சந்தித்திருக்கிறேன். வெடியும் நஞ்சும் தடை என்பது எல்லோருக்கும் தெரியும். இழுவைமடியைத் தடைசெய்த 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தத்தையும் தெரியும். இரண்டு ஆண்டுச் சிறை, 50,000 ரூபாய் தண்டம் என்று தொகையோடு சொல்வார்கள். தடைகள் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. உரிமை தரும் பிரிவுகள்தாம் கொழும்பிலிருந்து இன்னும் புறப்படவில்லை.

இதற்கு ஆட்சிமுறையில் ஒரு காரணம் உண்டு. 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தம் கூட்டுறவை மாகாண சபை நிரலில் வைத்தது. ஆள்புலக் கடலுக்கு அப்பாலான மீன்பிடி மத்திக்குப் போனது. எஞ்சிய மீன்பிடி, மத்திக்கும் மாகாணத்துக்கும் பொதுவான ஒருங்கிய நிரலில் விழுந்தது. இதன் விளைவு: மீனவர் கூடும் சங்கத்தைப் பதிவதும் கணக்காய்வு செய்வதும் மாகாணத்தின் கூட்டுறவுத் திணைக்களம். அந்தச் சங்கம் காக்க விரும்பும் நீரில் அனுமதிப்பத்திரம் கொடுப்பதும் வழக்குத் தொடுப்பதும் மத்திய அரசின் கடற்றொழில் திணைக்களம். ஒரே மனிதர்கள் இரண்டு மேசைகளுக்கு முன்னால் நிற்கவேண்டும்; ஒரு மேசையின் கோவை மற்றதற்குப் போவதில்லை. இரண்டையும் சேர்த்துப் பேசியிருக்கக்கூடிய வட மாகாண சபை 2013 செப்டெம்பரில் தெரிவாகி 2018 ஒக்டோபரில் பதவிக்காலம் முடிந்து கலைந்தது. இதில் யாரையும் தனியாகக் குற்றம் சாட்ட நான் விரும்பவில்லை. கடற்றொழில் பரிசோதகர்களுள் சிலர் இரவு பகல் பாராமல் ஓடுகிறார்கள். ஓர் உத்தியோகத்தரும் ஒரு மோட்டார் சைக்கிளும் எத்தனை மைல் கரையைக் காக்கும்?

2017 ஜனவரி

மீனவருக்கு வேண்டியிருந்த 31ஆம் பிரிவின் வர்த்தமானி வரவில்லை. வேறொன்று வந்தது. 2017 ஜனவரியில் வனசீவராசிகளுக்கான சட்டத்தின் கீழ் நந்திக்கடல் இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பரப்பு 4,141 ஹெக்டேர், ஏறத்தாழ 10,230 ஏக்கர். அதேபோல் தெற்கேயுள்ள நாயாற்றுக் களப்பும் ஒதுக்கிடமாயிற்று.

ஊரில் எழுந்த முதல் எண்ணம் பயம். போர் முடிந்த மண் அது. 2009 மே மாதத்தில் நந்திக்கடலின் கரையில் என்ன நடந்தது என்பதை இங்கே நான் எழுதித் தெரிய வேண்டியவர் யாருமில்லை. மீள்குடியேறி வலை வாங்கி ஒரு சில பருவங்கள்தான் தொழில் செய்திருந்தார்கள். கேப்பாப்புலவில் தங்கள் காணிக்காக மக்கள் தெருவோரத்தில் உட்கார்ந்ததும் அதே 2017இல்தான். காணிக்கு இராணுவம், காட்டுக்கு வன இலாகா, இப்போது நீருக்கும் ஒரு திணைக்களமா என்று கேட்டவர்களை நான் கண்டிக்க மாட்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காத்தல் என்ற நோக்கத்தில் பிழையில்லை. நந்திக்கடலில் தங்கும் பறவைகளுக்கும் கரையிலுள்ள கண்டல் மரங்களுக்கும் காவல் வேண்டும். கண்டல் அழிந்தால் இறாலும் அழியும் என்பது மீனவனுக்கு எந்த அதிகாரியையும்விட நன்றாகத் தெரியும். இயற்கை ஒதுக்கிடம் என்ற வகையில் பாரம்பரியமான மனிதச் செயல்கள் தொடர இடமும் இருக்கிறது. சிக்கல் அந்தப் "பாரம்பரியம்" என்ற சொல்லில்தான். சிறகுவலை பாரம்பரியமா? இயந்திரம் பூட்டிய வள்ளம்? கையால் தடவி இறால் பிடிக்கும் பெண் பாரம்பரியத்துக்குள் நிச்சயம் வருவாள். ஆனால் அவளிடம் அனுமதிப்பத்திரம் இல்லை. படகையும் வலையையும் பதியத் தெரிந்த சட்டத்துக்கு வெறுங்கையைப் பதியும் வழி தெரியவில்லை. யார் அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்வது என்பதில்தான் அதிகாரம் இருக்கிறது. அந்தப் பொருளை ஊரோடு உட்கார்ந்து எழுதியிருந்தால் இதே வர்த்தமானி மீனவனின் கோட்டையாகியிருக்கும்.

இப்படிச் சொல்வது வெறும் ஆசையல்ல. மன்னார்ப் பெருநிலப்பரப்பின் விடத்தல்தீவைப் பாருங்கள். 2016 மார்ச்சில் 29,180 ஹெக்டேர் பரப்போடு அது இயற்கை ஒதுக்கிடமாயிற்று. 2024இல் இறால் பண்ணை போன்ற நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கு வழிவிடும் வகையில் அதிலொரு பகுதியை விடுவிக்கும் வர்த்தமானி வெளியானது. வழக்கு உயர் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை கிடைத்தது. ஊரின் வாசலை அடைப்பதாகத் தோன்றிய அதே ஒதுக்கிடச் சட்டம் அங்கே பெருமுதலுக்கு எதிரான வேலியாக நின்றது.

நாயாறும் கொக்கிளாயும்

நந்திக்கடலுக்குத் தெற்கே போனால் எல்லைக் கேள்வி இன்னும் கடுமையாகிறது. நாயாற்றுக்கும் கொக்கிளாய்க்கும் பருவகாலத்தில் தென்னிலங்கை மீனவர் வாடி (கரையோரத் தற்காலிகக் குடில்) அடிக்க வருவது நெடுங்கால வழக்கம். வழக்கம் இருந்தது, அதற்கு ஒரு அளவும் இருந்தது. போருக்குப் பின் எண்ணிக்கையும் முறையும் மாறின. வெளிச்சம் பாய்ச்சிப் பிடித்தல், சுருக்குவலை, வெடி என்று புகார்கள் குவிந்தன. 2018 ஓகஸ்டில் முல்லைத்தீவு மீனவர் வீதிக்கு இறங்கினார்கள். அந்த மாதமே நாயாற்றில் தமிழ் மீனவரின் வாடிகள் இரவில் எரிக்கப்பட்டன. வலைகளும் படகுகளும் இயந்திரங்களும் கரியாயின.

இதை இன மோதல் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது எளிது. இனம் அதில் இருக்கிறது, இல்லையென்று நான் சொல்லவில்லை. அதன் கீழே சட்டத்தின் வெற்றிடமும் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் கொடுப்பவர் அந்த நீர் எத்தனை படகைத் தாங்கும் என்று உள்ளூர்ச் சங்கத்தைக் கேட்கவேண்டிய கட்டாயம் நடைமுறையில் இல்லை. வருகிறவருக்குக் கையில் தாள் இருக்கிறது. இருக்கிறவருக்கு வழக்கம் இருக்கிறது. இரண்டும் நேருக்கு நேர் கரையில் மோதும்போது நீதிமன்றம் வெகு தூரத்தில் நிற்கிறது.

கொக்கிளாயில் இந்தத் தாளின் கதை எனக்கு மிகுந்த வேதனை தருவது. 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் விரட்டப்பட்டார்கள். கால்நூற்றாண்டுக்கு மேல் கழித்துத் திரும்பினார்கள். திரும்பி வந்தபோது அவர்களுடைய கரைவலைப் பாடுகளில் (கரைவலை இழுக்கும் கரைத்துண்டுகளில்) வேறு ஆட்கள் அனுமதிப்பத்திரத்தோடு தொழில் செய்துகொண்டிருந்தார்கள். அனுமதிப்பத்திரம் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கவேண்டிய ஒன்று. அகதி முகாமில் இருந்தவன் எந்த அலுவலகத்துக்குப் போய்ப் புதுப்பிப்பான்? காணியைப் பொறுத்தவரை அரசே இந்த அநியாயத்தை உணர்ந்தது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரால் வழக்குத் தொடுக்க முடியாமற்போனவர்களுக்கு மறுவாய்ப்புக் கொடுத்தது. கரைவலைப் பாட்டுக்கென அப்படி ஒரு சட்டம் வரவில்லை. கரைவலைக்குச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டிக்குப் பாடு என்பது காணியைவிடக் குறைந்த சொத்தா? பாட்டன் பெயரால் அழைக்கப்படும் மணற்பரப்பு அது. காணியை இழந்தவனுக்குச் சட்டம் காட்டிய இரக்கம் பாட்டை இழந்தவனுக்கும் உரியது. இந்தக் கோரிக்கையை நம் பிரதிநிதிகள் இன்னும் உரத்துச் சொல்லவேண்டும்.

இலங்கைக்குள்ளேயே இரண்டு முன்னுதாரணங்கள்

வெளிநாட்டுக்குப் போகவேண்டாம். நீர்கொழும்புக் களப்பில், நீருக்குள் கம்பு நட்டு வலை கட்டும் கட்டுவலைத் தொழிலை நான்கு மீனவர் சங்கங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. யார் உறுப்பினர், எந்தச் சங்கத்துக்கு எந்த நாள், எவருக்கு எந்த இடம் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். இடங்களைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். 1958இல் அரசு செய்தது ஒன்றுதான்: அந்த வழக்கத்தை எடுத்து ஒழுங்குவிதியாக வர்த்தமானியில் போட்டது. புதிய விதி எதையும் திணிக்கவில்லை. உறுப்பினரல்லாதவர் அங்கே கட்டுவலை போடுவது சட்டமீறல் ஆனது. இன்றுவரை அந்தத் தொழில் நிலைத்திருப்பதற்கு அது பெரிய காரணம்.

அம்பாந்தோட்டை மாவட்டத்தின் மாவெல்லவில் எதிர்மாறாக நடந்தது. அங்கும் கரைவலைகளுக்கு முறைவைத்துத் தொழில் செய்யும் நுட்பமான வழக்கம் இருந்தது. வலைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தச் சட்டமும் இருந்தது. ஆனால் அரசியல் செல்வாக்குள்ளவர்கள் புதிய வலைகளை உள்ளே விட்டுக்கொண்டே போனார்கள். கடைசியில் ஒரு வலைக்கு முறை வருவதே அரிதாகிவிட்டது. வழக்கம் ஒழுங்காக நடந்தது, ஒவ்வொருவரும் முறைப்படி காத்திருந்தார்கள், எல்லோரும் ஏழைகளானார்கள்.

அரசு ஒதுங்கி நின்றால் என்ன ஆகும் என்ற இன்னொரு பக்கத்தை வன்னிக் குளங்களிலும் பார்க்கலாம். 1990இல் அரசு நன்னீர் மீன்பிடிக்கான ஆதரவை முற்றாக விலக்கிக்கொண்டு 1994 வரை திரும்பிப் பார்க்கவில்லை. நாட்டின் பல குளங்களில் அந்த இடைவெளியில் சங்கங்கள் தளர்ந்தன, 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண்ணுள்ள வலைகள் பெருகின. வன்னியின் குளங்களுக்குப் போரும் சேர்ந்தது. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த நீருயிரின வளர்ப்பு அதிகார சபைதான் பின்னர் இந்த வேலையை எடுத்துக்கொண்டது.

எல்லையை எழுதிப் பார்த்தோம்

கூட்டம் நடந்து சில மாதங்களின் பின் அந்தச் சங்கத்தின் நிர்வாகசபையோடு ஒரு மாலை உட்கார்ந்தேன். 31ஆம் பிரிவின் கீழ் முகாமைத்துவப் பிரதேசம் கேட்பதென்றால் எங்கள் நீர் எது, எங்கள் விதி எது என்று நாமே ஒரு தாளில் எழுதிப் பார்ப்போம் என்றேன். வரைபடம் ஒன்றை விரித்தேன். மூத்தவர் ஒருவர் அதைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார்: வட்டுவாகல் பழைய பாலத்திலிருந்து வடக்கே, மாரியில் நீர் ஏறும் கோடுவரை, அங்கிருந்து கண்டல் கரை பிடித்து மேற்கே, பிறகு ஆறு வந்து விழும் வாய். செயலாளர் எழுத எழுத, இளைஞர்கள் இடையிடையே திருத்தினார்கள். மாரி எல்லை ஒன்று, கோடை எல்லை ஒன்று என்று இரண்டு எழுதவேண்டியிருந்தது. நில அளவையில் ஒரு நீருக்கு ஒரு கோடுதான்.

விதிகள் சுலபமாக வந்தன. முகத்துவாரத்தின் இரு பக்கமும் வலை கூடாது. தங்கூசி கூடாது. வாய் வெட்டும் நாளைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் பிரதேச செயலாளரும் கமக்காரர் அமைப்பும் இருப்பதுபோலக் கடற்றொழிலாளர் சங்கமும் இருக்கவேண்டும். இதை எழுதும்போது எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள்.

"அங்கே தொழில் செய்வோர்" யார் என்ற பந்திக்கு வந்ததும் பேச்சு நின்றது. பதிவுபெற்ற உறுப்பினர் என்று எழுதச் செயலாளர் பேனாவை எடுத்தார். வாசலோரம் பறியோடு வந்து நின்ற அம்மா ஒருவர், "தம்பி, என்னை எந்த வரியில் எழுதப் போகிறீர்கள்?" என்று கேட்டார். அவருக்கு உறுப்புரிமை இல்லை. முப்பது ஆண்டுகளாக அந்த நீரில் நிற்கிறார். தொலைவிலிருந்து இறால் காலத்துக்கு மட்டும் வீச்சுவலையோடு வந்துபோகும் உறவுக்காரர்களை என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். தண்டம் கட்டிய இளைஞனும் அங்கே இருந்தான். கையால் பிடிக்கிறவர்களுக்குத் தனி வரி எழுதுங்கள், அதற்குக் கட்டணம் வைக்கவேண்டாம் என்றான். வந்துபோகிறவர்களைப் பற்றி அன்று முடிவு எட்டப்படவில்லை. செயலாளர் அம்மாவின் கேள்வியைக் குறிப்பேட்டில் எழுதி, கீழே இரண்டு வரிக்கு இடம் விட்டு, அடுத்த கூட்டத்துக்கு அவரையும் அழைப்பது என்று குறித்துக்கொண்டார்.